ஒரே பெயரில் இரண்டு ஒயின்கள்: வின்யு வெர்த் பற்றி ஒரு விளக்கம்

கேள்வி: வேலை நிமித்தம் போர்த்தோ நகரில் தங்கியிருக்கிறேன். ஜூன் 23, சாவ் ஜுவாவ் திருவிழா இரவில் நண்பர்கள் ஐவர் விருந்துக்கு வருகிறார்கள். சுட்ட மத்தி மீன், உப்பிட்ட காட் மீனில் செய்யும் பகல்யாவ் அ ப்ராஷ், நம் ஊர் முறையில் காரமான இறால் வறுவல் ஆகியவற்றைச் சமைக்க எண்ணியிருக்கிறேன். 'வின்யு வெர்த்' என்று எழுதிய இரண்டு வெள்ளை ஒயின்களை வாங்கிச் சுவைத்துப் பார்த்தேன். மலிவானதில் ஆல்கஹால் 9 சதவீதம், ஆண்டு குறிப்பிடப்படவில்லை, நாக்கில் குமிழிகள் சுருக்கென்றன. விலை கூடியது மூன்று ஆண்டுப் பழையது, அல்வரின்யு என்னும் திராட்சையில் செய்தது, 13 சதவீதம், குமிழியே இல்லை. அது கெட்டுவிட்டதா? எந்த உணவுக்கு எதைப் பரிமாறுவது?

பதில்: குமிழி இல்லை என்பதால் மட்டும் அது கெட்டுவிட்டதாகக் கொள்ள வேண்டாம். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையோ, காடியின் நெடியோ, பழுப்பேறிய நிறமோ இருந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். வின்யு வெர்த் என்பது ஒரு சுவையின் பெயரன்று. போர்த்துகலின் வடமேற்கில், ஸ்பெயினின் எல்லையாக ஓடும் மின்யு ஆற்றுக்குத் தெற்கே விரிந்திருக்கும், 1908இல் எல்லை வகுக்கப்பட்ட ஒயின் பகுதி ஒன்றின் பெயர். 'வெர்த்' என்றால் பச்சை. ஆனால் 'பச்சைக் குழந்தை' என்று நாம் சொல்லும்போது நிறத்தையா நினைக்கிறோம்? இளமையிலேயே அருந்தப்படும் ஒயின் என்பதே அப்பெயருக்குப் பொதுவாகத் தரப்படும் பொருள்; மழை மிகுந்த அந்நிலத்தின் பசுமையைக் குறிக்கிறது என்போரும் உண்டு.

அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும், கருங்கல் சிதைந்து உருவான மண்ணும், சிறு சிறு துண்டுகளான காணிகளும் அப்பகுதியின் இயல்பு. மக்காச்சோளத்துக்கும் காய்கறிக்கும் நிலம் வேண்டியிருந்ததால், உழவர்கள் திராட்சைக் கொடிகளை வயலோரத்து மரங்களிலும் கற்றூண்கள் தாங்கிய உயரமான பந்தல்களிலும் ஏற்றிவிட்டார்கள். நிழலில் காய்த்த அந்தப் பழங்கள் முழுமையாகக் கனியாமல் புளிப்பு மிகுந்தும் இனிப்புக் குறைந்தும் இருந்ததால், ஒயினிலும் ஆல்கஹால் குறைவாகவே சேர்ந்தது. அதிலுள்ள மாலிக் அமிலம் பாட்டிலுக்குள் சென்ற பிறகும் லாக்டிக் அமிலமாக மாறிக்கொண்டிருந்தபோது வெளிப்பட்ட வாயுவே பழைய நாளின் குமிழி. இன்று மலிவான வகைகளில் கரியமில வாயுவைப் பாட்டிலில் அடைக்கும்போதே சேர்த்துவிடுகிறார்கள். இதைக் கலப்படமென்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெயில் நாளில் அந்தச் சுருக்கு இதமாகத்தான் இருக்கிறது.

உங்கள் இரண்டாவது பாட்டிலின் கதை வேறு. அல்வரின்யு திராட்சைக்குப் பெயர்பெற்றது மொன்சாவ், மெல்கசு என்னும் இரண்டு ஊர்களைச் சுற்றிய உட்பகுதி. கடற்காற்றை மலைகள் தடுப்பதால் அங்கே கோடை சற்று வறண்டும் வெப்பமாகவும் இருக்கும். பழம் நன்கு கனிந்து, ஒயினுக்கு வாயில் கனமாக உணரும் உடற்கட்டும் பீச் பழம், எலுமிச்சை வகைகளின் மணமும் கிடைக்கும். ஆற்றுக்கு அக்கரையில், ஸ்பெயினின் கலீசியாவில் அல்பரின்யோ என்று விற்கப்படுவதும் இதே திராட்சைதான். நன்கு செய்யப்பட்ட அல்வரின்யு ஐந்து ஆண்டுக்கு மேலும் தாங்கும் என்பதால், மூன்று ஆண்டுப் பழையது என்பது குறையே அன்று. ஆண்டு குறிப்பிடாத மலிவு வகையையோ வாங்கிய கோடையிலேயே குடித்துத் தீர்க்க வேண்டும்.

இனி விருந்துக்கு வருவோம். மத்தி எண்ணெய் மிகுந்த மீன். கரி அடுப்பில் சுட்டுக் கல்லுப்பு தூவிப் பரிமாறும்போது அந்த எண்ணெயை அறுக்கப் புளிப்பு தேவை. உங்கள் முதல் பாட்டில் போதும். ஆனால் நான் தேர்ந்தெடுப்பதாயின், லிமா ஆற்றுப் பகுதியின் லோரெய்ரு திராட்சையில் செய்ததை வாங்குவேன். லாரல் மரத்திலிருந்து பெயர் பெற்ற அந்தத் திராட்சையின் இலைமணம் கரிப்புகையோடு நன்றாகச் சேரும். (மின்யு வட்டாரக் கிராமத்துப் பெரியவர்கள் இதே மத்திக்கு வின்யாவ் திராட்சையின் கருஞ்சிவப்பு வெர்த்தை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பார்கள். அதன் துவர்ப்புக்கு நாக்கு பழக வேண்டும். விருந்தினரிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

பகல்யாவ் அ ப்ராஷ் அப்படியன்று. உப்பிட்டு உலர்த்திய காட் மீனின் நார்களோடு முட்டையும் பொரித்த உருளைக்கிழங்குக் குச்சிகளும் சேர்ந்து குழைந்திருப்பதால், மெல்லிய ஒயின் அதன் முன் தண்ணீராகிவிடும். அல்வரின்யுவை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

இறால் வறுவலுக்கு அல்வரின்யுவைத் தொடவே வேண்டாம். ஆல்கஹால் ஏற ஏற மிளகாயின் எரிச்சலும் கூடும். லேபிளில் 'மெயு செகு', அதாவது ஓரளவு இனிப்புள்ளது, என்று குறித்த 9 அல்லது 10 சதவீத வெர்த் காரத்தைத் தணிக்கும்.

மெல்லிய வகையை 8 பாகை செல்சியஸிலும், அல்வரின்யுவை 10 முதல் 12 பாகையிலும் பரிமாறுங்கள். மிகவும் குளிர்ந்தால் அல்வரின்யுவின் மணம் எழும்பாது. குளிர்பெட்டியிலிருந்து கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். 750 மில்லி பாட்டிலில் ஐந்து கோப்பை வரும். உங்களையும் சேர்த்து ஆறு பேருக்கு மெல்லியதில் மூன்றும் அல்வரின்யுவில் இரண்டும் தாராளம். மீந்த அல்வரின்யு மூடிவைத்தால் குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். குமிழி போன மலிவு ஒயினைக் கொட்டாமல், மறுநாள் அதில் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து மட்டி வேகவைத்து, இறக்கும்போது கொத்துமல்லித் தழை தூவுங்கள்.