வாசகர் கேள்வி-பதில்: வாசலில் இரவு வீதி வேலை

கேள்வி: ஆரையம்பதியில் பிரதான வீதியோரம் எங்கள் வீடு. வரும் மாதம் இரவு 8 மணியிலிருந்து விடிய 5 மணி வரை காபெற் (சூடான தார்க் கலவைப் படை) போடப் போகிறார்களாம். வீட்டில் கைக்குழந்தையும் படுக்கையில் அம்மாவும். இதைப் பகலில் செய்ய ஏலாதா?

பதில்: ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். அந்த இடத்தில் ஏ4 வீதியின் பாதியைப் பகலில் மூடினால் பஸ்ஸோடு அம்புலன்ஸும் அகப்பட்டு நிற்கும். ஆகவே இரவு வேலை நியாயம். ஆனால் ஒன்பது மணித்தியாலமும் ஒரே இரைச்சலாக இருக்கத் தேவையில்லை.

1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளில் கட்டுமான வேலைக்கு எல்லை பகலில் 75 டெசிபெல், இரவில் 50. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்கச் சத்தம் சுமார் 6 டெசிபெல் குறையும். 10 மீற்றரில் 85 என்றால் 40 மீற்றரில் 73. வாசலில் வேலை நடக்கும்போது அதை 50க்கு இறக்குவது நடக்காத காரியம். எனவே நேரத்தைப் பிடியுங்கள்: உடைப்பதும் வெட்டுவதும் பழைய படையைச் சுரண்டுவதும் இரவு 10:30க்குள் முடியட்டும், பிறகு விரிப்பு வேலை. ஜெனறேற்றர் படலைக்கு எதிரே வேண்டாம். விளக்குக் கம்பத்தின் முகம் வீதியை நோக்கிக் கீழே சாயட்டும்.

நித்திரையைக் கெடுப்பது பெரும்பாலும் டிப்பர்தான். ஒட்டிய கலவையை உதற, பின்கதவை அடிப்பார்கள். பெட்டியின் உட்புறம் சவர்க்காரத் தண்ணீர் பூசினால் ஒட்டாது. டீசல் பூச விடாதீர்கள், அது தாரை இளக்கிவிடும். 200 மீற்றர் நீளம், 3.5 மீற்றர் அகலம், 50 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 82 தொன் அளவு கலவை; 15 தொன் டிப்பரில் ஆறு நடை. எத்தனை நடை என்று கேட்டு வைத்தால் எப்போது முடியும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒன்று மட்டும் கேட்காதீர்கள்: உருளையை இடையில் நிறுத்தச் சொல்வது. கலவை 150 பாகை அளவில் இறங்கும். 80, 90 பாகைக்கு ஆறுமுன் இறுக்கிவிட வேண்டும். இரவுக் காற்றில் மெல்லிய படை இன்னும் கெதியாய் ஆறும். இறுகாத காபெற்றுக்குள் தண்ணீர் இறங்கினால் முதல் மாரியிலேயே பள்ளம் விழும்.

திகதி குறிக்கும்போது வைகாசிக் கண்ணகை அம்மன் சடங்கு, பக்கத்துக் காத்தான்குடியின் நோன்பு இரவுகள், சாதாரண தரப் பரீட்சை மூன்றையும் கிராம உத்தியோகத்தர் மூலம் எழுத்தில் கொடுங்கள். அம்மாவுக்காக, 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் எந்தப் பக்கத்தால் வரலாம் என்பதையும் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய கல்வீடு. உருளை அதிர்வில் சுவர் வெடிக்குமா?

பதில்: கடலோரத்து இளகிய மணல் அதிர்வில் அமரக்கூடும், பயம் வீணல்ல. வேலைக்கு முன் ஒவ்வொரு வெடிப்பையும் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படமெடுங்கள். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் அதுவே சான்று. வீட்டுக்கு முன்னால் அதிர்வை நிறுத்திவிட்டு வெறும் பாரத்தால் உருட்டவும், ரயர் உருளையைக் கூடுதல் தடவை ஓட்டவும் முடியும். நின்ற இடத்தில் அதிரவிடுவதுதான் மோசம்.

கேள்வி: போன முறை காபெற் போட்டபின் வீதி உயர்ந்து, மாரித் தண்ணீர் வளவுக்குள் வருகிறது.

பதில்: பழைய படைக்கு மேலேயே போட்டிருப்பார்கள். இம்முறை 50 மில்லிமீற்றர் போடுமுன் 50 மில்லிமீற்றர் சுரண்டச் சொல்லுங்கள். சுரண்டும் இயந்திரம் பெரும் சத்தம் போடும். அந்த ஓர் இரவைப் பொறுத்துக்கொள்வது மேல். வடிகான் வாய்கள் தாரால் அடைபடாமல் தகடு மூடியிருக்கிறார்களா என்று மறக்காமல் பாருங்கள். விடிந்ததும் அந்தத் தகடுகளை எடுத்துவிட்டார்களா என்றும் பாருங்கள்.