ஹேக்கர் மகனும் ஈமேக்ஸ் திருச்சபையும்

கேள்வி: பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மகன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தான். லேப்டாப்பில் 'ஹேக்கர்' என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர். என்னடா இது என்றால், "எங்க மதமே வேறப்பா, ஈமேக்ஸ் திருச்சபை. ஒளிவட்டம் வெச்ச புனிதரே இருக்கார்" என்று படம் காட்டுகிறான். மாட்டுப் பொங்கலன்று போனில் யாரிடமோ "டீமனைக் கொன்னுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போலீஸ் வருமா, மதம் மாறிவிட்டானா, எதற்குப் பயப்படுவது?
– பெயர் வேண்டாம், கொரடாச்சேரி

பதில்: இரண்டுக்கும் வேண்டாம். ஆனால் அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் புனிதர். படத்தில் நீங்கள் பார்த்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர். மென்பொருளைப் பூட்டி வைக்கக் கூடாது. வைத்திருப்பவர் அதைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்று 1983-இல் க்னூ (GNU) என்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தவர். கடவுள் நம்பிக்கை கிடையாது. அவர்தான் மேடையில் ஒரு அங்கியை மாட்டிக்கொண்டு, பழைய ஹார்டு டிஸ்க்கின் வட்டத் தட்டைத் தலையில் ஒளிவட்டமாக வைத்துக்கொண்டு, 'நான் ஈமேக்ஸ் திருச்சபையின் புனித இக்னூசியஸ்' என்பார். கூட்டம் சிரிக்கும். மதம் அவ்வளவுதான். இதற்காக வேளாங்கண்ணி வரை போய் ஒரு பாதிரியாரைக் குழப்பிவிடாதீர்கள்.

ஈமேக்ஸ் என்பது ஒரு எடிட்டர். என்னைப் போன்ற ஆசாமி அல்ல, நிரல் எழுத உதவும் மென்பொருள். (என்னை இதுவரை யாரும் கும்பிட்டதில்லை. திட்டித்தான் கடிதம் வருகிறது.) அதற்குப் பங்காளி, விஐ என்ற இன்னொரு எடிட்டர். இரண்டுமே 1976-இல், அமெரிக்காவின் இரண்டு கரைகளில் பிறந்தவை. கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, எந்த எடிட்டர் உசத்தி என்ற இந்தச் சண்டை சுலபமாகப் புரியும். ரோமன் எண்ணில் விஐ என்றால் ஆறு. மூன்று தடவை சொன்னால் 666, பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் எண். ஆகவே விஐ மிருகத்தின் எடிட்டர் என்பது இக்னூசியஸ் வாக்கு. விஐயின் கட்டற்ற, அதாவது பூட்டில்லாத பதிப்பைப் பயன்படுத்துவது பாவமா என்று கேட்டால், 'பாவம் இல்லை, பிராயச்சித்தம்' என்பார்.

உங்களுக்கு வேண்டிய சேதி ஒன்றும் இதில் உண்டு. இந்தத் திருச்சபையில் புனிதராவதற்குப் பிரம்மசரியம் தேவையில்லை என்று அவரே அறிவித்திருக்கிறார். கணினிக்குள் குடியிருக்கும் தனியுரிமை மென்பொருள், அதாவது பூட்டி வைத்த மென்பொருள் என்ற பேயை ஓட்டினால் போதும். தைரியமாகப் பெண் பாருங்கள். பெண்ணும் மென்பொருள் துறை என்றால், ஜாதகம் வாங்குவதற்கு முன் எந்த எடிட்டர் என்று மட்டும் விசாரித்துவிடுங்கள்.

டீமன் என்பது திரையில் தலைகாட்டாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல். 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் வைத்த பெயர். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த ஒரு பூதத்தை நினைத்து வைத்தது. கொன்றான் என்றால் நிறுத்தினான் என்று அர்த்தம். பெரும்பாலும் அதுவே திரும்ப எழுந்து உட்கார்ந்துவிடும், பரிகாரம் வேண்டாம்.

உண்மையான பக்தியைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை பாருங்கள். நமக்கு அன்று பத்தரை முதல் பன்னிரண்டு வரைதான் ராகுகாலம். இவர்களில் பலருக்கு முழு நாளும் ராகுகாலம். புது நிரலை அன்று வெளியிட மாட்டார்கள். வெளியிட்டு ஏதாவது புட்டுக்கொண்டால் சனி, ஞாயிறு போச்சு. கூத்தனூர் சரஸ்வதிக்கு முன் பேனாவும் நோட்டும் வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் போன பிள்ளைகள்தானே, எதற்கும் ஒரு காப்பு வேண்டும்.

சரி, போலீஸ். இந்தப் பயத்துக்குச் சட்டமே ஒரு காரணம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஆவது பிரிவின் தலைப்பிலேயே ஹேக்கிங் இருந்தது: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2008 திருத்தத்தில் தலைப்பைக் 'கணினி தொடர்பான குற்றங்கள்' என்று மாற்றி, அபராதத்தை ஐந்து லட்சமாக்கினார்கள். சட்டம் அந்த வார்த்தையை விட்டுவிட்டது. பத்திரிகைக்காரர்கள் நாங்கள்தான் விடவில்லை.

வார்த்தை வந்த இடம் வேறு. 1950-களின் கடைசியில் எம்.ஐ.டி. மாணவர்கள் பொம்மை ரயில் மன்றம் ஒன்று வைத்திருந்தார்கள். மேஜை மேலே ரயில் ஓடும். அடியில் டெலிபோன் ரிலேக்களும் ஒயர்களும் பின்னிக் கிடக்கும். அடியில் படுத்துக்கொண்டு, யாரும் யோசிக்காத வழியில் அதை ஓடவைத்த பையன்கள்தான் முதல் ஹேக்கர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ஆள் உண்டு. திருவாரூர் ஆழித்தேருக்கு இப்போது திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. இருந்தாலும் அந்த மலையை வீதி முனையில் திருப்ப, சக்கரத்துக்கடியில் கணக்காக முட்டுக்கட்டை போடுகிறாரே ஒருவர், சரியான கோணத்தில் செருகிவிட்டுச் சட்டென்று விலகுவாரே, அவர் அந்த ஜாதி.

அவர் தன் சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வதில்லை. நான் சொன்ன கேள்வி இதுதான்: "உன்னை ஹேக்கர் என்று யாரப்பா சொன்னது?" அந்த வட்டாரத்தில் பட்டத்தை மற்றவர்கள்தான் கொடுக்க வேண்டும், தானே சூட்டிக்கொள்வது அழகல்ல என்பது வழக்கம். பதில் சொல்லாமல் முறைத்தால், ஸ்டிக்கர் கடையில் வாங்கியது என்று புரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டிய ஆள் லேப்டாப்பே தொடாதவன். "பேங்க்கிலேருந்து பேசறோம், ஓ.டி.பி. சொல்லுங்க சார்" என்பான். நிரல் ஒரு வரி எழுதத் தெரியாது. பேசியே கறந்துவிடுவான். சொல்லித் தொலைத்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். மகனை அப்புறம் கூப்பிடலாம். அவன் உங்கள் கணினியில் விண்டோஸ் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஆரம்பித்துவிடுவான்.