மேல்வீட்டுக் குழாய் வெடித்து நனைந்த பொருட்களுக்கு நட்டஈடு பெறுவது எப்படி?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் வெடித்து, பிரிட்ஜ், மெத்தை, அலுமாரி, லப்டொப் எல்லாம் நனைந்துவிட்டன. வீட்டுப் பொருட்களுக்கு 10 இலட்சம் ரூபாய்க்குக் காப்புறுதி எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் தன் காப்புறுதியில் பார்க்கலாம் என்கிறார். மேல்வீட்டார் 50,000 ரூபாய் தந்து, கடிதம் ஒன்றில் கையொப்பம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்தக் கடிதத்தில் கையொப்பமிட வேண்டாம். உங்களுக்கு நட்டஈடு கொடுத்த பிறகு, அந்தத் தொகையை மேல்வீட்டாரிடம் அறவிடும் உரிமை காப்புறுதி நிறுவனத்துக்குப் போய்விடும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அந்த உரிமை அடிபடும். அதைக் காட்டியே உங்கள் கிளெயிமையும் நிராகரிக்கலாம். வீட்டுக்காரரின் காப்புறுதி பொதுவாகக் கட்டடத்துக்குத்தான். உங்கள் மெத்தைக்கு அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் தண்ணீர்த் தாங்கி, குழாய் வெடித்தல் அல்லது நிரம்பி வழிதல் என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளமும் புயலும் பெரும்பாலும் வேறு பிரிவில் வரும். அன்றைக்கு மழையும் பெய்திருந்தால், படிவத்தில் "வெள்ளம் புகுந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். கோரிக்கை தவறான பிரிவுக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. எந்தக் குழாய், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தால் தண்ணீர் இறங்கியது என்று எழுதுங்கள். குழாய் திருத்தியவரிடம் காரணத்தை எழுதி வாங்கி, உடைந்த துண்டையும் கேட்டு வைத்திருங்கள். மாதக்கணக்கில் ஊறிய கசிவுக்குப் பொதுவாகப் பணம் இல்லை. முன்பே கூரையில் ஈரக்கறை இருந்திருந்தால் மறைக்காமல், வீட்டுக்காரருக்கு எப்போது சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நிறுவனத்துக்கு இன்றே போன் எடுத்து கிளெயிம் இலக்கம் வாங்கி, அதையே மின்னஞ்சலிலும் எழுதிப் போடுங்கள். நனைந்த எதையும் நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை எறியாதீர்கள். மெத்தை நாறத் தொடங்கினால், படம் எடுத்து அனுப்பி, அகற்றலாமா என்று எழுத்தில் அனுமதி கேளுங்கள். பிரிட்ஜையும் லப்டொப்பையும் "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்கவே வேண்டாம். மின்னொழுக்கு ஆபத்து ஒரு பக்கம். அப்போது சர்க்கிட் எரிந்தால் சேதம் தண்ணீராலா, உங்களாலா என்ற கேள்வி வரும். திருத்துநரின் கடிதத்தில் மொடல், தொடரிலக்கம், பழுதான பாகம், காரணம், திருத்தச் செலவு ஐந்தும் இருக்க வேண்டும். புறக்கோட்டையில் காசுக்கு வாங்கிய பொருளுக்கு பில் இல்லையென்றால் உத்தரவாத அட்டை, வங்கிக் கூற்று, வீட்டில் எடுத்த பழைய படங்கள் உதவும்.

பலரும் ஏமாற்றமடைவது தொகையில்தான். உங்கள் வீட்டுப் பொருட்களின் உண்மைப் பெறுமதி 16 இலட்சம், காப்புறுதி 10 இலட்சம், சேதம் 4 இலட்சம் என்று வையுங்கள். பத்திரத்தில் சராசரி விதி (பெறுமதிக்குக் குறைவாகக் காப்புறுதி எடுத்திருந்தால் நட்டஈட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் விதி) இருந்தால், சேதத்தில் 16இல் 10 பங்குதான் ஏற்பார்கள்: 2,50,000. நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு 10 சதவீதம் என்றிருந்தால் கைக்கு வருவது 2,25,000. பழைய பொருளுக்குத் தேய்மானமும் கழிக்கலாம்.

நிறுவனம் தரும் "முழுமையான இறுதித் தீர்வு" என்ற பத்திரத்தில் ஒப்பமிட முன் கணக்கு விபரத்தை எழுத்தில் கேளுங்கள். உடன்பாடில்லையென்றால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ, அந்தக் கடிதப் பிரதிகளோடு போகலாம்.