கிற்றார் பாடலைப் பியானோவில் வாசித்தல்: கேள்வி பதில்

ஓர் அகூஸ்டிக் கிற்றாரும் ஒரு குரலுமே தாங்கி நிற்கும் அமைதியான ஓல்டர்னேட்டிவ் றொக் பாடல்களைப் பியானோவுக்கு மாற்றுவது பற்றிக் கொழும்பு மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தை மாணவர்: கோர்ட் (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டு) புத்தகத்தில் உள்ளபடியே வலக்கையால் தாளத்துக்கேற்ப அடித்து வாசிக்கிறேன். சுரம் தவறவில்லை, ஆனாலும் பாடலின் மென்மை வரவில்லையே?

கிற்றாரை மீட்டும்போது விரல் தந்திகளை ஒவ்வொன்றாகக் கடந்து செல்வதால் ஒலி சிறிது சிறிதாக விரிகிறது. பியானோவிலோ அதே சுரங்களைச் சுத்தியல்கள் ஒருங்கே தாக்குகின்றன; ஆகவே எட்டு முறை மீட்டியதை எட்டு முறை அடித்தால் மென்மைக்கு இடமே இராது. கோர்ட்டை ஓரிரு முறை மட்டும், கீழ்ச் சுரத்திலிருந்து மேல்நோக்கிப் பிரித்து வாசித்து, அது தானாகத் தேய்ந்து அடங்க விடுங்கள்.

இதைவிட முக்கியமானது, கோர்ட் மாறும்போது மாறாமல் நிற்கும் சுரங்களைக் காப்பதாகும். ஒயாசிஸ் குழுவின் 1995ஆம் ஆண்டுப் பாடலான 'வொண்டர்வோல்' நல்ல எடுத்துக்காட்டு. கப்போவை (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை) கிற்றார்க் கழுத்தின் இரண்டாம் கட்டில் (ஃபிரெட்டில்) பூட்டி வாசிக்கப்படும் அப்பாடலின் தொடக்கத்தில் கீழ்ச்சுரம் எஃப் ஷார்ப், ஏ, ஈ, பி என்று நகர்ந்துகொண்டிருக்க, மேலிரு தந்திகளில் ஈயும் ஏயும் அசையாமல் ஒலிக்கின்றன. அந்தப் பாடலின் ஏக்கம் அந்த அசையாமையிலேயே இருக்கிறது என்பது என் துணிபு. கோர்ட்டின் பெயரை மட்டும் பார்த்து முழுக் கோர்ட்டாக வாசிப்பவர் அதை இழந்துவிடுகிறார். வலக்கையில் அவ்விரு சுரங்களையும் நிறுத்தி, இடக்கையை மட்டும் நகர்த்திப் பாருங்கள். பாடல் உடனே தன் முகத்தைக் காட்டும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: கிற்றாருக்கென அச்சிட்ட இசைக்குறிப்பை அப்படியே வாசித்தால் ஒலி மெலிந்து கேட்கிறது; ஒரு ஸ்தாயி இறக்கினால் குழம்பிவிடுகிறது. எது சரி?

இரண்டும் சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். கிற்றார் இசை எழுதப்படுவதிலும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. வழமையான சுருதியில் அதன் ஆறு திறந்த தந்திகளில் ஐந்து, பியானோவின் நடு சிக்கு (விசைப்பலகையின் நடுப்பகுதியிலுள்ள சி சுரத்துக்கு) கீழேயே அமைகின்றன. ஆனால் பியானோவின் கீழ்ப்பகுதியில் நெருங்கிய இரண்டு சுரங்களைச் சேர்த்தால் அவற்றின் மேலொலிகள் ஒன்றோடொன்று மோதிக் கலங்குகின்றன. எனவே உண்மையான ஸ்தாயிக்கு இறக்குங்கள். இறக்கிய பின் அடியிலுள்ள நெருக்கத்தைத் தளர்த்துங்கள். திறந்த ஜி மேஜர் கோர்ட்டின் அடியில் ஜியும் பியும் அடுத்தடுத்து நிற்கும். இடக்கையில் ஜியையும் டியையும் மட்டும் வைத்து, பியை நடு சிக்கு அருகிலுள்ள இடத்துக்கு உயர்த்தினால் தெளிவு பிறக்கும்.

தெஹிவளை வாசகர்: பாடுபவர் இல்லாமல் தனியே வாசிக்கும்போது இரண்டாம் சரணம் சலிப்பூட்டுகிறது.

இத்தகைய பாடல்களின் மெட்டு சில சுரங்களுக்குள்ளேயே சுழல்வது வழக்கம். ஒரே சுரத்தில் பல அசைகள் வரும்போது அவற்றை வேறுபடுத்திக் காட்டுபவை சொற்களே. சொற்கள் இல்லாத பியானோவில் எல்லா அசைகளையும் தட்டினால் அது தந்திச் செய்தி அனுப்பும் தட்டலைப் போலாகிவிடும். அழுத்தம் பெறும் அசைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். இரண்டாம் சரணத்தில் மெட்டை ஒரு ஸ்தாயி கீழே கொண்டுவந்து துணைச்சுரங்களை அதற்கு மேலே ஒலிக்கவிடலாம். வேகத்தையும் அலங்காரத்தையும் கூட்டிச் சலிப்பைப் போக்க முயலாதீர்கள். அது பாடலுக்குச் செய்யும் அநீதி.

வாசகர் ஒருவர்: எளிமைக்காகச் சுருதியை மாற்றலாமா?

தனியே வாசித்தால் தாராளமாக மாற்றலாம். பாடுபவர் உடனிருந்தால் அவருடைய குரலே சுருதியைத் தீர்மானிக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி வாசகர்: அடுக்குமாடி வீடு என்பதால் இரவில் நிமிர்நிலைப் பியானோவின் நடுப் பெடலை அழுத்திப் பயில்கிறேன். பாதகம் உண்டா?

பல நிமிர்நிலைப் பியானோக்களில் அந்தப் பெடல் சுத்தியலுக்கும் தந்திக்கும் இடையே கம்பளித் திரையொன்றை இறக்குகிறது. அயலவருக்கு அது நன்மையே. ஆனால் மெட்டுக்கும் துணைச்சுரங்களுக்கும் இடையிலான நுண்ணிய ஏற்றத்தாழ்வு அதில் மறைந்துவிடும். விரல் பழக்கத்தை இரவில் முடித்துக்கொண்டு, ஒலியின் சமநிலையைப் பகலில் திரையின்றிச் சரிபாருங்கள். ஒலியை நீட்டிக்கும் வலப் பெடலைப் பொறுத்தவரை, புதிய கீழ்ச்சுரம் ஒலிக்கும் கணத்தில் உயர்த்தி உடனே மீண்டும் அழுத்துங்கள்.

ஒரு தாயார்: மகள் இத்தகைய பாடலை ஏபிஆர்எஸ்எம் தேர்வில் வாசிக்கலாமா?

பிரித்தானிய இசைத் தேர்வுச் சபையான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் பெர்ஃபோமன்ஸ் கிரேட் தேர்வின் நான்கு படைப்புகளுள் ஒன்று மாணவரின் சொந்தத் தெரிவு என்பதால் வாய்ப்பு உண்டு. ஆயினும் அது அந்தந்தக் கிரேட்டின் தரத்துக்கு ஒப்பாக இருக்க வேண்டும். கோர்ட்டுகளை மட்டும் பிரித்து வாசிக்கும் வடிவம் உயர் கிரேட்டுகளுக்குப் போதாது.

மாணவர் ஒருவர்: நான் எழுதிய பியானோ வடிவத்தை அச்சிட்டு விற்கலாமா?

உரிமையாளரின் அனுமதியின்றி விற்க இயலாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படைப்பை மாற்றியமைக்கும் உரிமையும் படைப்பாளியைச் சார்ந்தது. பொதுவாக அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். வீட்டில் எழுதிப் பழகுவதற்கு இது தடையாகாது, எழுதுங்கள்.