கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்டர்லாக் (சிமென்ட் கற்களைக் கோத்துப் பதித்த) முற்றம் கழுவித் தரும் தொழில் எடுபடுமா? என்ன மெஷின் வாங்க வேண்டும்?

எடுபடும். தக்கலை வட்டாரத்தில் இதே வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் மெஷினை எத்தனை 'பார்' (அழுத்த அளவு) பார்த்து வாங்கலாம் என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தத் தரையில் வேலை கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

நம் மாவட்டத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. பலா, மா, தென்னை நிழல் விழும் முற்றத்தில் ஆண்டில் பாதி நாள் ஈரம் காய்வதில்லை என்பதால், அங்கே பாசி பிடிக்காமல் இருக்க வழியே இல்லை. மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் மழையும் மரமும் அதிகம், ஆகவே வேலையும் அதிகம். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் காற்றும் வெயிலும் கூடுதல் என்பதால் முற்றத்தில் தூசிதான் படியும். அதற்கு வீட்டுக்காரரே ஒரு ஹோஸைப் பிடித்துக் கழுவிக்கொள்வார். ஓணத்துக்கு முன்பும், நவம்பர் பாதியிலிருந்து கிறிஸ்துமஸ் வரையிலும் அழைப்புகள் குவியும். மார்ச் முதல் மே வரை கை காய்ந்திருக்கும் என்பதால், அந்த மாதங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவுதல், பெயின்ட் அடிப்பதற்கு முன் மதில் கழுவுதல் போன்ற வேலைகளை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சம்மதம் சொல்பவர் பெரும்பாலும் அந்த வீட்டில் இருக்க மாட்டார். முற்றத்தில் வழுக்கி விடுமோ என்று பயப்படுபவர் இங்கே இருக்கும் அம்மா. பணம் அனுப்புபவர் குவைத்திலோ துபாயிலோ இருக்கும் மகன். ஆகவே கழுவுவதற்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை முதல் வேலையிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு வெளியே தெருப்பக்கம் நாலடியையும் கூலி கேட்காமல் கழுவிக் கொடுத்துவிட்டால், அடுத்த வீட்டுக்காரர் தாமாகவே விலை கேட்டு வருவார். நோட்டீஸ் அடித்துக் கொடுத்ததைவிட எனக்கு அதில் கிடைத்த வேலைதான் அதிகம்.

இனி மெஷினுக்கு வருவோம். கடைக்காரர் பார் எண்ணைத்தான் காட்டுவார். நீங்கள் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். அழுத்தம் பாசியைப் பெயர்க்கும், பெயர்ந்ததை வாரிக்கொண்டு போவது தண்ணீரின் அளவுதான். கார் கழுவும் சிறிய மெஷின்கள் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர்தான் தரும். அதை வைத்துப் பெரிய முற்றத்தைக் கழுவினால் பொழுது சாய்ந்துவிடும். சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் ஓடும் 3 குதிரைத்திறன் மெஷின், 100 பார் அளவில், நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் தருவதாக இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். அதோடு வட்டமாகச் சுழன்று கழுவும் சர்ஃபேஸ் கிளீனர் ஒன்றை வாங்கிவிடுங்கள், ஏனெனில் வெறும் ஸ்ப்ரே துப்பாக்கியால் கழுவிய தரை காய்ந்த பிறகு வரிவரியாகத் தெரியும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்றால் மணிக்கு 600 லிட்டர். ஆயிரம் லிட்டர் டேங்க் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. எனவே விலை சொல்லப் போகும்போது முற்றத்தைப் பார்ப்பதற்கு முன் கிணற்றையும் மோட்டாரையும் பாருங்கள். தண்ணீர் வரத்து குறைந்து பம்ப் காற்றை இழுத்தால் அதன் சீல்கள் சீக்கிரம் போய்விடும்.

இன்டர்லாக் தரையில் பலரும் கோட்டை விடுவது இடுக்கு மணலில்தான். கற்களை இறுக்கிப் பிடித்திருப்பது அந்த மணல். நாஸிலை (தண்ணீர் பீய்ச்சும் முனை) இடுக்கு நெடுகப் பிடித்தால் மணல் முழுவதும் சேறாகக் கிளம்பி மதில் மேல் தெறிக்கும்; பிறகு கார் ஏறும்போது கல் ஆடும், ஓரம் உடையும், மறு மழைக்குப் புல் முளைக்கும். தண்ணீரை 25 டிகிரி விரித்து அடிக்கும் பச்சை நாஸிலை இடுக்குகளுக்குக் குறுக்காக, சாய்வாகப் பிடித்து, முன்பு கழுவிய தடத்தில் பாதியை மறுபடியும் மூடியபடி நகர வேண்டும். பூஜ்ஜிய டிகிரி சிவப்பு நாஸில் கல்லிலேயே கோடு கிழித்துவிடும் என்பதால் அதைப் பையிலேயே வைத்திருங்கள். எப்படிக் கழுவினாலும் கொஞ்சம் மணல் போகத்தான் செய்யும். தரை நன்றாகக் காய்ந்த பிறகு, பெரும்பாலும் மறுநாள், சலித்த பாறைப்பொடியைக் கொட்டித் துடைப்பத்தால் இடுக்குகளில் தள்ளி நிரப்ப வேண்டும். இதற்குத் தனிக் கூலி உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடப்பா, தந்தூர் கற்கள் சுண்ணாம்புக் கல் வகை. பாசி போக்க ஆசிட் ஊற்றச் சொல்லும் வீட்டுக்காரர்கள் நிறைய உண்டு. ஊற்றினால் கல் அரித்து மங்கிவிடும், சிமென்ட் இன்டர்லாக்கின் நிறமும் போய்விடும். பாசி திரும்ப வராமல் தள்ளிப்போட உதவுவது சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசல். கேன்களில் வருவதை ஒன்று, இரண்டு சதவீத அளவுக்கு நீர்த்துத் தெளித்து, சற்று நேரம் ஊறவிட்டுக் கழுவலாம். அதையும் ஆசிட்டையும் ஒரே நாளில், ஒரே வாளியில் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். நம் பக்கம் வீட்டுக்கு ஒரு கிணறு இருப்பதால், கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்த பிறகே மருந்தைத் திறக்க வேண்டும். கிணற்றுத் தொடி (விளிம்புச் சுவர்) தரைமட்டத்தில் இருந்தால் மருந்து இல்லாமலே கழுவுகிறேன் என்று சொல்லிவிடுவேன். செடிகளை முன்பும் பின்பும் நன்றாக நனைத்துவிட வேண்டும்.

சில வேலைகளை நான் ஏற்பதில்லை. பழைய ஓட்டுக்கூரையில் ஜெட் அடித்தால் ஓட்டின் மேல்பரப்பு பெயர்ந்து முன்னைவிட வேகமாகப் பாசி ஏறும், உள்ளேயும் ஒழுகும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் அழுத்தத் தண்ணீர் பட்டால் நார் பெயர்ந்து பரவும். கூலி எவ்வளவு தந்தாலும் அது வேண்டாம்.

இரண்டு ஆபத்துகளை உதவிக்கு வரும் பையனுக்கும் சொல்லி வையுங்கள். ஜெட் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் உள்ளே தசை கெட்டுக்கொண்டிருக்கும். வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்தது மின்சாரம். ஈரத் தரையில் நின்று செய்யும் வேலை என்பதால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பொருத்திய, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியுள்ள எக்ஸ்டென்ஷனை நீங்களே கொண்டுபோங்கள். வீட்டு பிளக்கை நம்ப வேண்டாம்.

விலையைச் சதுர அடிக் கணக்கில் பேசுங்கள். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 435 சதுர அடி என்பது வீட்டுக்காரருக்கும் தெரிந்த கணக்கு என்பதால் தகராறு வராது. வண்டியைச் சேர்க்காமல் ஒரு இலட்ச ரூபாய்க்குள் தொடங்கிவிடலாம். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 இலட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. கடன் வேண்டுமானால் நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களைப் பற்றி விசாரியுங்கள். என்னைக் கேட்டால், ஒரு மழைக்காலத்துக்கு மெஷினை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்த பிறகே கடன் மனுவைக் கொடுப்பேன்.