பள்ளத்தூர் ஆச்சியின் கேள்வி: 15,000 ரூபாய்க்குள் மாற்று ஓஎஸ் போட எந்த டேப் வாங்கலாம்?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "தம்பி, நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பேத்திக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் என்ற ஓஎஸ் (இயங்குதளம்) இருந்தது, அதில்தான் கம்ப்யூட்டரே பழகினேன். இப்போது கையில் இருக்கும் டேப் ஆண்ட்ராய்டு 9இலேயே நின்றுவிட்டது, பாதி ஆப் ஏறமாட்டேன் என்கிறது. அப்பச்சி சேர்த்து வைத்த புத்தகங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம், அவற்றைப் படிக்க வேண்டும், தமிழில் எழுத வேண்டும், சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேச வேண்டும். கம்பெனிக்காரன் அப்டேட்டை நிறுத்தினாலும் நானே வேறு ஓஎஸ் போட்டுக்கொள்கிற மாதிரி டேப் வேண்டும். 15,000 ரூபாய் வரை போடலாம். காரைக்குடியில் ஒரு கடையில் 10 இன்ச் புது டேப் 8,999, 12 ஜிபி ரேம், லினக்ஸும் போடலாம் என்கிறார்கள். வாங்கலாமா?"

ஆச்சி, அதை வாங்க வேண்டாம். பெயர் தெரியாத பிராண்டில் இந்த விலைக்கு வருகிற டேப்களில் 12 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்தால், பெரும்பாலும் 4 ஜிபிதான் நிஜ ரேம், மீதி 8 ஜிபி ஸ்டோரேஜிலிருந்து எடுத்துக் கணக்குக் காட்டுகிற விர்ச்சுவல் ரேம். அதைக்கூட விட்டுவிடலாம். லினக்ஸும் போடலாம் என்று சொல்கிறாரே, அவரிடம் "எந்த லினக்ஸ், எந்தப் பக்கத்தில் இந்த மாடல் எண் இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். காட்ட முடியாவிட்டால் போட முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும், ஏனென்றால் அங்கே பென்டிரைவைச் செருகினால் எந்த லினக்ஸும் ஏறிவிடுகிறது. அதற்குக் காரணம், இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டர்களில் யுஇஎஃப்ஐ என்று பொதுவான ஒரு முறை இருக்கிறது; மெஷினை ஆன் செய்ததும் உள்ளே என்னென்ன பாகம் இருக்கிறது என்பதை அதுவே ஓஎஸ்ஸுக்குச் சொல்லிவிடும். ஆண்ட்ராய்டு டேப்களில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. எந்தத் திரை, எந்தத் தொடுசில்லு, எந்தச் சார்ஜிங் சில்லு, எது எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதையெல்லாம் டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும். ஒரு வீட்டு நிலைக்கென்று தச்சர் இழைத்த கதவை அடுத்த வீட்டு நிலையில் மாட்ட முடியாது இல்லையா, அதே கதைதான். ஆகவே யாரோ ஒருவர் அதே மாடலைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியிருந்தால்தான் அந்த டேபுக்கு மாற்று ஓஎஸ் உண்டு. அதற்கும் தயாரிப்பாளர் தன் கெர்னல் (ஓஎஸ்ஸின் உட்கரு) மூலநிரலை வெளியிட்டிருக்க வேண்டும் (ஜிபிஎல் உரிமப்படி வெளியிட்டே ஆக வேண்டும், மலிவு பிராண்டுகள் பல வெளியிடுவதில்லை), பூட்லோடரை (ஆன் செய்ததும் ஓஎஸ்ஸை எழுப்புகிற நிரல்) திறக்கவும் அனுமதிக்க வேண்டும். ஐபேடைப் பற்றி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அங்கே இந்த வழியே இல்லை.

அதனால் டேபைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஓஎஸ் தேடாதீர்கள். ஓஎஸ் பட்டியலை முதலில் திறந்து, அதில் இருக்கிற மாடலைத்தான் கடையில் தேட வேண்டும்.

உங்களுக்குப் பொருந்துகிற வழி இரண்டு. ஒன்று, லினேஜ் ஓஎஸ். சயனோஜன்மாட் என்ற பழைய மாற்று ஆண்ட்ராய்டு 2016 கடைசியில் நின்றபோது அதிலிருந்து கிளம்பியது, இதுவும் ஆண்ட்ராய்டுதான், ஆனால் கம்பெனி கைவிட்ட பிறகும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து தருகிறார்கள். இன்னொன்று, நீங்கள் பழகிய மாதிரி நிஜ டெஸ்க்டாப் லினக்ஸ். அதற்கு ஆண்ட்ராய்டு டேபைத் தொடவே வேண்டாம், இன்டெல் சில்லு உள்ள பழைய விண்டோஸ் டேப் வாங்கிவிடுவது உத்தமம். நடுவில், ஆண்ட்ராய்டு டேபிலேயே ஓடுகிற லினக்ஸாக உபுண்டு டச், போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்றும் இருக்கின்றன. உபுண்டு டச்சை அதன் கம்பெனி கனானிகல் 2017இல் கைவிட்டதும் யூபிபோர்ட்ஸ் குழு எடுத்து நடத்துகிறது, லெனோவோ டேப் எம்10 எச்டி இரண்டாம் தலைமுறையில் (எக்ஸ்306எஃப்) ஓடுகிறது. ஆனால் அந்த டேபின் திரை 1280க்கு 800தான், ஒரு இன்ச்சுக்குச் சுமார் 150 புள்ளி. பழைய புத்தக ஸ்கேனில் அடிக்குறிப்பும் பொடி எழுத்தும் அதில் மங்கிப்போகும், உங்கள் முதல் வேலையே அதுதான் என்பதால் நான் அந்தப் பக்கம் போகச் சொல்லமாட்டேன். போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் பக்கத்தில் ஏதாவது டேப் டெஸ்டிங் என்ற பிரிவில் இருந்தால், அது வல்லுநர்கள் நோண்டிப் பார்ப்பதற்கு. தினசரிப் புழக்கத்துக்கு எடுக்காதீர்கள்.

லினேஜுக்கு நான் கை காட்டுவது சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட், 2020இல் வந்தது. 10.4 இன்ச், 2000க்கு 1200 திரை, இன்ச்சுக்கு 224 புள்ளி, 4 ஜிபி ரேம், மெமரி கார்டு போடலாம், ஹெட்போன் ஓட்டை உண்டு, எஸ் பென் கூடவே வரும். வந்தபோது வைஃபை மாடல் 27,999 ரூபாய், இன்று செகண்ட் ஹேண்டில் உங்கள் பணத்துக்குள் தேடலாம். இங்கேதான் கவனம் வேண்டும். இதே எஸ்6 லைட் என்ற பெயரில் சாம்சங் 2022இலும் 2024இலும் மறுபடி மறுபடி விற்றது. வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே சில்லே வேறு. 2020இல் எக்ஸினாஸ் 9611, 2022இல் ஸ்னாப்டிராகன் 720ஜி, 2024இல் எக்ஸினாஸ் 1280. உங்களுக்கு வேண்டியது பின்பக்கம் பொடி எழுத்தில் எஸ்எம்-பி610 (வைஃபை மட்டும்) அல்லது எஸ்எம்-பி615 (சிம் போடுவது) என்று இருக்கிற டேப். 2022 மாடல் பி613, பி619 என்று இருக்கும். அது புதுசு, வேகம் கூட என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் எடுத்துக் கொடுப்பார், ஆனால் பி610க்கு எழுதின கோப்பை அதில் ஏற்ற முடியாது.

இன்னும் குறைவான விலைக்கு டேப் ஏ7, 10.4 இன்ச், அதுவும் 2020, எஸ்எம்-டி500 அல்லது டி505. திரை அதே 2000க்கு 1200, ஆனால் ரேம் 3 ஜிபிதான், பேனாவும் இல்லை. இதிலும் அதே சிக்கல்: டி503, டி509 என்று ஒரு வகை உண்டு, அதில் ஸ்னாப்டிராகன் 662க்குப் பதிலாக யுனிசாக் சில்லு. டேப் ஏ7 லைட் என்பது இன்னொன்று, அதைப் பார்க்கவே வேண்டாம்.

சிம் போடுகிற மாடலையே எடுங்கள் என்பேன். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ரௌட்டர் முகப்பில் இருக்கும், நீங்கள் இரண்டாங்கட்டிலோ மூன்றாங்கட்டிலோ உட்கார்ந்திருப்பீர்கள், நடுவில் எத்தனை சுவர், ஒவ்வொன்றும் எத்தனை கனம்! 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அத்தனை சுவரைத் தாண்டி வராது, 2.4 கொஞ்சம் தேவலை. மகன் பேசும்போது அறுந்து அறுந்து வந்தால் ஓஎஸ்ஸைக் குறை சொல்லத் தோன்றும், உண்மையில் சுவர்தான் காரணமாக இருக்கும். முற்றம் இருக்கிற வளவில் வந்து உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, டெஸ்க்டாப் லினக்ஸ் வழி. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் கோ, முதல் தலைமுறை, 2018. 10 இன்ச், 1800க்கு 1200, பென்டியம் கோல்ட் 4415ஒய் சில்லு, பின்னால் காலூன்றி நிற்கும், கீபோர்டு கவர் தனியாக மாட்டலாம். இதற்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, அதனால் வைத்திருப்பவர்கள் விற்கப் பார்க்கிறார்கள், நமக்கு அது நல்ல நேரம். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (மெதுவான ஸ்டோரேஜ்) உள்ளதை விட்டுவிட்டு 8 ஜிபி, 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ளதைத் தேடுங்கள். இரண்டுக்கும் வேகத்தில் நிறைய வித்தியாசம், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஃபெடோராவோ டெபியனோ (இரண்டும் லினக்ஸ் வகைகள்) பென்டிரைவில் எழுதி, வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்தினால் அதிலிருந்து பூட் ஆகும். ஒரே ஒரு டைப்-சி துளைதான், அதனால் டைப்-சி பென்டிரைவ் அல்லது ஒரு ஹப் வேண்டும். நீங்கள் பழகிய பாஸ் லினக்ஸும் (சி-டாக் உருவாக்கியது) டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான், ஆகவே டெபியன் அந்நியமாக இருக்காது. தொடுதிரைக்கு ஏற்ற க்னோம் டெஸ்க்டாப் போடுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் ஐபஸ் என்கிற தட்டச்சு மென்பொருளில் கிடைக்கும், கீபோர்டு கவரோடு எழுத நன்றாகவே இருக்கும்.

குறையையும் சொல்ல வேண்டும். சர்ஃபேஸ்களில் லினக்ஸ் போட்டால் கேமராதான் கடைசிவரை தொல்லை தரும். லினக்ஸ்-சர்ஃபேஸ் என்று தன்னார்வலர்கள் தனிக் கெர்னலே நடத்துகிறார்கள், அதைப் போட்டாலும் போன் கேமரா மாதிரி தெளிவாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூடி வைத்தால் உறங்கும்போதும் பேட்டரி கரையும். கீபோர்டு இல்லாமல் திரையைத் தட்டித் தமிழ் எழுதுகிற சுகம் ஆண்ட்ராய்டில் இருக்கிற அளவு லினக்ஸில் இன்னும் வரவில்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், மகனோடு வீடியோவில் பேசுவதும் படுத்துக்கொண்டு படிப்பதும்தான் உங்களுக்கு முக்கியம் என்பதால் பி615 டேபை வாங்கி லினேஜ் போடுங்கள். எழுத்து வேலைதான் பெரிது, வீடியோ போனிலேயே பேசிக்கொள்வேன் என்றால் தயங்காமல் சர்ஃபேஸ் கோ 8 ஜிபி. இரண்டிலுமே கேஓரீடர் என்ற புத்தகம் படிக்கிற ஆப்பைப் போட்டுக்கொள்ளலாம், ஸ்கேன் பக்கத்தின் ஓரத்தை வெட்டி எழுத்தைப் பெரிதாகக் காட்டுவதில் அதற்கு ஈடு நான் பார்த்ததில்லை. தமிழ் மின்நூலகத்திலிருந்து இறக்கிய பிடிஎஃப்களுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

லினேஜ் போட்டால் என்னென்ன போகும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பூட்லோடரைத் திறக்கிற நிமிடம் டேபில் இருப்பது முழுதும் அழிந்துவிடும், ஆகவே ஸ்கேன்களை முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். சாம்சங்கில் நாக்ஸ் என்கிற பாதுகாப்பு நிரந்தரமாக முறிந்துவிடும், பழைய சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் வராது. காசு கட்டிப் பார்க்கிற படத் தளங்கள் சில மங்கலான தரத்தில்தான் ஓடும், யூட்யூபுக்குப் பிரச்சினை இல்லை. பேங்க் ஆப்கள் பல ஓட மறுக்கும். பணம் அனுப்புவதைப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள், டேபில் அது வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயமும். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் லினேஜ் ஏற்றிய கையோடு, முதல்முறை ஆன் ஆவதற்கு முன்பே, கூகுள் ஆப் தொகுப்பையும் ஏற்றிவிட வேண்டும், பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் மறுபடி அழித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டிவரும். எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் மேல் ஏற்ற வேண்டும் என்பதும் லினேஜின் அந்த மாடல் பக்கத்திலேயே இருக்கும், வரி விடாமல் படித்துவிட்டுத் தொடங்குங்கள், கூடவே அங்கே கடைசியாக வெளியான தேதி எப்போது என்றும் பாருங்கள். பல மாதமாக எதுவும் வரவில்லை என்றால் அந்த மாடலைப் பராமரிப்பவர் விலகியிருக்கக் கூடும், வேறு மாடலுக்குப் போய்விடுங்கள்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன்: டேப் என்றால் விற்பவரின் கூகுள் கணக்கும் சாம்சங் கணக்கும் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும், கண் முன்னால் ஃபேக்டரி ரீசெட் செய்து, முதல் திரையில் பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போகிறதா என்று பாருங்கள். டெவலப்பர் ஆப்ஷனில் ஓஇஎம் அன்லாக் (பூட்லோடரைத் திறக்க விடுவது) என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இணையத்தில் இணைத்த பிறகுதான் அது தெரியும், சிலவற்றில் உடனே தெரியாமல் சில நாள் கழித்து வரும், அதனால் திருப்பிக் கொடுக்க ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்குங்கள். சர்ஃபேஸ் என்றால் வால்யூம் கூட்டும் பட்டனைப் பிடித்து ஆன் செய்து யுஇஎஃப்ஐக்குள் போக முடிகிறதா, பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். கம்பெனிகளிலிருந்து கழித்துவிட்ட மெஷின்களில் அந்தப் பூட்டு இருந்தால் வாங்கியும் பயனில்லை. விண்டோஸ் இருக்கும்போதே கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் பேட்டரி அறிக்கை எடுத்தால், புதிதாக இருந்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணோடு காட்டும்; பாதிக்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள், பேட்டரி உள்ளே பசை போட்டு ஒட்டியது, மாற்றுவது லேசான வேலை இல்லை. சார்ஜர் தொலைந்துவிட்டது என்று சொன்னால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், டைப்-சி பிடி (பவர் டெலிவரி) சார்ஜரிலேயே சர்ஃபேஸ் சார்ஜ் ஏறும்.

காரைக்குடியில் கிடைக்காவிட்டால் மதுரை, திருச்சி, அப்புறம் சென்னை ரிச்சி தெரு. எங்கே போவதாக இருந்தாலும் பஸ் ஏறுவதற்கு முன் போன் போட்டு, டேபின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் ஆச்சி. அதில் பி615 என்று தெளிவாகத் தெரிந்த பிறகு கிளம்பினால் போதும்.