சிவப்பழகு கிரீமும் சிறுநீரில் புரதமும்
வணக்கம். சிவப்பழகு கிரீம் பூசிவந்த தங்கள் தங்கைக்குக் கால் வீங்கி, சிறுநீரில் புரதம் இறங்குவதற்குக் கிரீம் காரணமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகக்கூடும், இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

இத்தகைய கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். தோல்வழி உட்புகும் அந்தப் பாதரசம் புரதங்களிலுள்ள கந்தகப் பகுதிகளைப் பற்றிக்கொள்கிறது. மரபுவழியில் எளிதில் பாதிப்படையும் எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது, நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்கள் தூண்டப்பட்டு, அவற்றின் இன்னொரு வகையான பி செல்கள் சொந்த உடலையே தாக்கும் ஆன்டிபாடிகளை (எதிர்ப்புரதங்களை) உருவாக்கின. கேரளத்தில் ஓர் ஆய்வில் 2021 முதல் 2023 வரை கண்டறியப்பட்ட, சிறுநீரக வடிகட்டிச் சவ்வில் ஆன்டிபாடி படிந்து சிறுநீரில் புரதம் கசியும் 'நெல்-1' (NELL-1 என்ற புரதத்தின் பெயரால் அழைக்கப்படும்) வகை நோயாளிகள் 15 பேரில் 13 பேர் இத்தகைய கிரீம் பூசியவர்கள். நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதலான செய்தி.

லேபிளில் பாதரசம் என்று அச்சிடப்படாததை நம்பிவிடாதீர்கள். சிறுநீரக மருத்துவரிடம் அந்த டப்பாவையே எடுத்துச் சென்று காட்டி, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரச அளவைப் பரிசோதிக்கக் கேளுங்கள். ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் கூடினால், இரத்தம் உறைந்திருக்கலாம் என்பதால், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.